451-ஆம் எண் யாருடையது? லினக்ஸ் கெர்னலில் ஒரு சிஸ்டம் கால் சேர்த்து, பிறகு நீக்கிய நிகழ்வு ஆய்வு

லினக்ஸின் மையமான கெர்னலை 6.1-இலிருந்து 6.6-க்கு மாற்றிய மறுநாள் காலை, எங்கள் கண்காணிப்பு நிரலின் பதிவுக் கோப்பு முழுக்க ஒரே பிழை எண்: 9. லினக்ஸில் அதற்கு ‘ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) தவறு’ என்று பொருள். பிழையைத் திருப்பியதோ நாங்களே எழுதிக் கெர்னலில் சேர்த்த சிஸ்டம் கால், அதாவது நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு. அதில் ஃபைல் டிஸ்கிரிப்டர் என்ற பேச்சே கிடையாது. ஒரு புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) எண்ணைக் கொடுத்தால், அது எத்தனை முறை தானாகச் சிபியுவை விட்டுக்கொடுத்தது, எத்தனை முறை அதனிடமிருந்து சிபியு பறிக்கப்பட்டது என்று சொல்லும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் புரியவில்லை. பிஐடி (புராசஸ் எண்) 1, 2, 3 ஆகிய மூன்றுக்கு மட்டும் 9 வரவில்லை, 14 வந்திருந்தது. அதாவது ‘முகவரி தவறு’. மற்ற எல்லாப் புராசஸுக்கும் 9. ஒரே சார்பு, ஒரே அழைப்பு, புராசஸ் எண்ணைப் பொறுத்து வேறு வேறு பிழை. இந்த இரண்டு எண்களையும் புரிந்துகொண்டபோதுதான், சிஸ்டம் கால் சேர்ப்பதில் கடினமான பகுதி எது என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

எதற்காகச் சேர்த்தோம்

நிரலின் வேலை எளிது. கணினியில் ஓடும் எல்லாப் புராசஸ்களின் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (சிபியு கைமாறல்) எண்ணிக்கையையும் அடிக்கடி எடுத்து, எது சிபியுவுக்காகக் காத்துத் தவிக்கிறது என்று காட்ட வேண்டும். இந்த எண்கள், கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் /ப்ராக் கோப்பு முறைமையில், ஒவ்வொரு புராசஸின் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பில் இரண்டு வரிகளில் இருக்கின்றன. ஆனால் அவற்றை எடுக்க ஒவ்வொரு புராசஸுக்கும் கோப்பைத் திற, படி, மூடு என்று மூன்று சிஸ்டம் கால்கள் வேண்டும். அதோடு கெர்னல் எண்களை எழுத்துகளாக மாற்றி அச்சடித்துக் கொடுக்கிறது, நாம் அந்த எழுத்துகளை மறுபடி எண்களாக்குகிறோம். நமக்கு வேண்டியது இரண்டே எண். அதற்காக நினைவக அளவு, சிக்னல் முகமூடி, அனுமதிப் பட்டியல் எல்லாவற்றையும் கெர்னல் அச்சடிக்கிறது. 4000 புராசஸ் இருந்தால் ஒரு சுற்றுக்கு 12,000 அழைப்பு.

‘கெட்ரியூசேஜ்’ என்ற பழைய சிஸ்டம் கால் இதே எண்களைக் கொடுக்கும். ஆனால் அழைப்பவருக்கும், அவருடைய த்ரெட்டுக்கும் (புராசஸுக்குள் ஓடும் கிளைக்கும்), முடிந்துபோன பிள்ளைப் புராசஸ்களுக்கும் மட்டுமே. பிறருடையதைக் கேட்க முடியாது. நெட்லிங்க் என்ற கெர்னல் தொடர்பு வழியாகப் பேசும் ‘டாஸ்க்ஸ்டாட்ஸ்’ இடைமுகத்திலும் இந்த எண்கள் உண்டு. அதற்கு நெட்வொர்க் நிர்வாக அனுமதி தேவைப்பட்டதாலும், புராசஸுக்கு ஒரு செய்தி அனுப்பி ஒரு பதில் வாங்க வேண்டியிருந்ததாலும் அதை ஒதுக்கினோம். கெர்னலை ஏற்கெனவே நாங்களே தொகுத்துப் பயன்படுத்திவந்ததால், ஒரு சிஸ்டம் காலையே சேர்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. அன்றைக்கு அது சரியான முடிவு என்றே நம்பினோம்.

எழுதிய விதம்

எக்ஸ்86-64 லினக்ஸில் இதற்குத் தொட வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். ‘ஆர்ச்/எக்ஸ்86/என்ட்ரி/சிஸ்கால்ஸ்’ அடைவில் இருக்கும் ‘சிஸ்கால்_64.டிபிஎல்’ என்ற அட்டவணையில் ஒரு வரி: எண், ஏபிஐ (அழைப்பு முறை) வகை, பெயர், சார்பின் பெயர். ‘இன்க்ளூட்/லினக்ஸ்/சிஸ்கால்ஸ்.ஹெச்’ கோப்பில் சார்பின் முன்னறிவிப்பு. பிறகு சார்பு. 6.1-இன் அட்டவணையில் கடைசி எண் 450, ஆகவே எங்களுடையது 451. அட்டவணையில் 334-க்குப் பிறகு சட்டென்று 424 வருவதைப் பார்த்து இடையில் ஏதாவது ஓர் எண்ணை எடுக்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். அந்த இடைவெளி தற்செயலானதல்ல. 2019-இல் 5.1 வெளியானபோது, புதிய சிஸ்டம் கால்களுக்கு எல்லா வன்பொருள் கட்டமைப்புகளிலும் ஒரே எண் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே தாண்டினார்கள்.

சார்பை நேரடியாக எழுதாமல் ‘சிஸ்கால்_டிஃபைன்4’ என்ற மேக்ரோவால் (நிரல்வரிகளை விரித்தெழுதித் தரும் குறுக்குவழியால்) எழுத வேண்டும். கடைசி 4 அளவுருக்களின் எண்ணிக்கை, 6 வரை போகலாம். மேக்ரோ எதற்கு என்று எங்கள் குழுவில் புதிதாக வந்தவர் கேட்டார், நல்ல கேள்வி. சில 64-பிட் கட்டமைப்புகளில், 32-பிட் அளவுரு ரெஜிஸ்டரின் மேல் பாதியை அழைப்பவர் ஒழுங்காக நிரப்பியிருப்பார் என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும். சாதாரண சார்புகளுக்கு அந்த நம்பிக்கை சரி. சிஸ்டம் காலை அழைப்பவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம், மேல் பாதியில் குப்பையை வைத்தும் அனுப்பலாம். 2009-இல் இது பாதுகாப்புப் பிழையாகவே பதிவாகி, அதற்குத் தீர்வாகத்தான் இந்த மேக்ரோக்கள் வந்தன. ஒவ்வொரு அளவுருவையும் முழு நீளத்தில் வாங்கி, பிறகு உரிய வகைக்கு மாற்றிக் கொடுக்கும். 2018-இன் 4.17-க்குப் பிறகு எக்ஸ்86-இல் சார்பின் உண்மையான பெயரையும் இதுவே உருவாக்குகிறது. மேக்ரோவை விட்டுவிட்டால் லிங்க் கட்டத்திலேயே பெயர் கிடைக்காமல் நின்றுவிடும்.

அளவுருக்கள் நான்கு: புராசஸ் எண், விடையை எழுத வேண்டிய ஸ்ட்ரக்டின் (புலங்களின் தொகுப்பின்) முகவரி, அந்த ஸ்ட்ரக்டின் அளவு, ஃபிளாக் (விருப்பங்களைக் குறிக்கும் பிட்கள்). ஃபிளாகுக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. ஆனாலும் வைத்தோம், பூஜ்யம் தவிர எது வந்தாலும் 22-ஆம் பிழையை, அதாவது ‘அளவுரு தவறு’ என்பதைத் திருப்பினோம். ‘பைப்’ இருந்தும் ‘பைப்2’ ஏன் வந்தது, ‘டூப்2’ இருந்தும் ‘டூப்3’ ஏன் வந்தது என்று பார்த்தால் காரணம் தெரியும்: முதலில் ஃபிளாகுக்கு இடம் விடவில்லை. ‘ஓப்பன்’ கதை வேறு. அதில் ஃபிளாக் உண்டு, ஆனால் தெரியாத பிட்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். ஆகவே பிறகு புதிய பிட் சேர்க்கும்போது, இந்தக் கெர்னலுக்கு அது தெரியுமா என்று கேட்டறிய வழியில்லை. 2020-இல் ‘ஓப்பன்அட்2’ வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சோதனையில் பிடிபட்டவை

முதல் வடிவம் மெய்நிகர் கணினியில் உடனே வேலை செய்தது. அதே கெர்னலை உண்மையான கணினியில் ஏற்றி அழைத்ததும் ‘ஊப்ஸ்’, அதாவது கெர்னலுக்குள்ளேயே பிழை. காரணம், விடையை எழுத யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே நிரல்கள் ஓடும் பகுதி) பாயிண்டரை நேரடியாகப் பயன்படுத்தியிருந்தோம். இன்றைய சிபியுக்களில் ஸ்மாப் என்ற பாதுகாப்பு உண்டு. கெர்னல் நிலையில் ஓடும்போது யூசர் பக்கங்களை நேராகத் தொட்டால் சிபியுவே தடுத்துவிடும். மெய்நிகர் கணினி மென்பொருளான கியூஇமுவின் இயல்புநிலை சிபியு மாதிரியில் அந்த வசதி இல்லாததால் பிழை மறைந்திருந்தது. அன்றிலிருந்து ஹோஸ்ட் சிபியுவை அப்படியே காட்டும் அமைப்பில்தான் சோதிக்கிறோம்.

திருத்தம் ஒன்றும் புதிதல்ல, ‘காப்பி_டு_யூசர்’ பயன்படுத்த வேண்டும். அது முகவரி யூசர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்மாப்பை ஒரு கணம் தளர்த்தி, நகலெடுத்து, மறுபடி இறுக்கும். நகலெடுக்க முடியாமல் போன பைட்களின் எண்ணிக்கையைத் திருப்பும், பிழை எண்ணை அல்ல. அதை அப்படியே திருப்பி அனுப்பினால் அழைத்தவர் அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்வார். இந்த எல்லைச் சோதனையை ஒருமுறை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017-இன் 4.13 கெர்னலில் ‘வெயிட்ஐடி’யில் நேர்ந்தது சாட்சி. யூசர் கொடுத்த முகவரி கெர்னலுக்குள்ளேயே இருந்தாலும் அங்கே எழுதிவிட்டது.

நகலெடுக்கும் வரியை நாங்கள் வைத்த இடமும் தவறு. புராசஸைத் தேடும்போது ஆர்சியு என்ற வாசிப்புப் பூட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையில் இருக்கும் டாஸ்க் (புராசஸைப் பற்றிய கெர்னலின் பதிவு) நம் கண் முன்னாலேயே விடுவிக்கப்படலாம். அந்தப் பூட்டுக்குள்ளேயே நகலையும் எடுத்துவிட்டோம். யூசர் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் நகல் எடுக்கும்போது பேஜ் ஃபால்ட் வரும், கெர்னல் தூங்க நேரும். ஆர்சியு பூட்டுக்குள் தூங்கக் கூடாது. பக்கம் பெரும்பாலும் நினைவகத்தில் இருக்கும் என்பதால் இது மாதக் கணக்கில் தெரியாமலேயே ஓடியிருக்கும். கெர்னல் அமைப்பில் ‘அணு நிலைத் தூக்கம்’ சோதனையை இயக்கியிருந்ததால் முதல் அழைப்பிலேயே எச்சரிக்கை வந்தது. எண்களைப் பூட்டுக்குள் உள்ளூர் மாறியில் எடுத்துக்கொண்டு, பூட்டை விட்டபின் நகலெடுப்பதாக மாற்றினோம்.

அந்த உள்ளூர் மாறியிலும் ஒரு கசிவு. ஸ்ட்ரக்டில் முதலில் புராசஸ் நிலைக்கு 4 பைட், பிறகு இரண்டு 8 பைட் எண்கள். கம்பைலர் 4 பைட்டுக்குப் பின் இன்னொரு 4 பைட் வெற்றிடம் விடுகிறது. நாம் எதையும் எழுதாத அந்த இடத்தில் கெர்னல் ஸ்டாக்கின் பழைய மிச்சம் இருக்கும். மொத்தம் 24 பைட்டை நகலெடுத்தால் அந்த மிச்சமும் சேர்ந்து வெளியே போகும். புதிய கம்பைலரில் தொகுத்தவர்களுக்கு இது தெரியவே இல்லை. ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்பு முதல் ஸ்டாக் மாறிகளைத் தானாகப் பூஜ்யமாக்கும் வசதி இருக்கிறது, கெர்னலும் அதை இயல்பாகப் பயன்படுத்திக்கொள்கிறது. பழைய கம்பைலர் வைத்திருந்த ஒரு கணினியில்தான் கசிவு கண்ணில் பட்டது. வெற்றிடத்துக்குப் பெயர் கொடுத்து, ஸ்ட்ரக்ட் முழுவதையும் பூஜ்யமாக்கிய பிறகே நிரப்புகிறோம்.

நான்காவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. /ப்ராக்கில் இந்த எண்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆகவே அனுமதிச் சோதனை தேவையில்லை என்றுதான் தொடக்கத்தில் நினைத்தோம். ஆனால் /ப்ராக்கை ‘ஹைட்பிஐடி’ அமைப்போடு மவுன்ட் செய்திருந்தால் ஒரு பயனர் மற்றவருடைய புராசஸ் விவரங்களைப் பார்க்க முடியாது. எங்கள் சிஸ்டம் கால் /ப்ராக் வழியே போவதில்லை, ஆகவே அந்தத் தடையும் அதற்கு இல்லை. நிர்வாகி பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். ‘பிட்ரேஸ்_மே_ஆக்சஸ்’ சோதனையை, ஹைட்பிஐடி பயன்படுத்தும் அதே வாசிப்பு முறையில் சேர்த்தோம். அனுமதி இல்லையென்றால் ‘அனுமதி இல்லை’ என்று சொல்லாமல் ‘அப்படி ஒரு புராசஸ் இல்லை’ என்ற 3-ஆம் பிழையைத் திருப்பினோம்.

இத்தனையும் திருத்தியபின் 6.1-இல் அது நன்றாகவே ஓடியது. ஒரு சுற்றுக்கு 12,000 அழைப்பு 4000 ஆனது, எழுத்தாக்கி மறுபடி எண்ணாக்கும் வேலை அடியோடு போனது.

9-உம் 14-உம்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். 6.6-க்கு மாறும்போது எங்கள் திருத்தம் அட்டவணைக் கோப்பில் மோதியது. 2023-இல் 6.5 வெளியானபோது 451-ஆம் எண் ‘கேஷ்ஸ்டாட்’ என்ற புதிய சிஸ்டம் காலுக்குப் போயிருந்தது. ஒரு கோப்பின் எத்தனை பக்கங்கள் நினைவகத்தில், அதாவது பேஜ் கேஷில், இருக்கின்றன என்று சொல்வது அதன் வேலை. 6.6-இல் 452 ‘எஃப்ச்மோட்அட்2’வுக்கும், 453 ‘மேப்_ஷேடோ_ஸ்டாக்’குக்கும் போயின. மோதலைத் தீர்த்தவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்: எங்கள் வரியை அடுத்த காலி எண்ணான 454-க்கு நகர்த்தினார். கெர்னல் தொகுப்பு சுத்தமாக முடிந்தது. கெர்னலோடு இருந்த சோதனைகள் புதிய எண்ணை எடுத்துக்கொண்டு வெற்றி என்றன. ஆனால் கண்காணிப்பு நிரலில் 451 என்ற எண் பல மாதங்களுக்கு முன்பே தொகுக்கப்பட்டு உள்ளே உறைந்திருந்தது.

எங்கள் சிஸ்டம் காலுக்கு, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில் உறை (அழைப்பைச் சுற்றிய சார்பு) கிடையாது. நிரல், எண்ணை நேராகக் கொடுத்து அழைக்கும் ‘சிஸ்கால்’ சார்பைத்தான் பயன்படுத்தியது. அது ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் 451-ஐ வைத்து, மற்ற ரெஜிஸ்டர்களில் நான்கு அளவுருக்களை வைத்துக் கெர்னலுக்குள் போகும். உள்ளே வந்தபின் கெர்னலுக்குத் தெரிவது அந்த எண் மட்டுமே. பெயர் தெரியாது, நம் மனத்தில் இருந்த அளவுரு வகைகளும் தெரியாது.

கேஷ்ஸ்டாட்டுக்கும் அளவுருக்கள் நான்கு: ஃபைல் டிஸ்கிரிப்டர், எந்தப் பகுதி என்று சொல்லும் ஸ்ட்ரக்டின் முகவரி, விடையை எழுத வேண்டிய முகவரி, ஃபிளாக். எங்களுடையதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் புராசஸ் எண் அங்கே ஃபைல் டிஸ்கிரிப்டர். நிரலில் 4000 கோப்புகள் திறந்திருக்கவில்லை, ஆகவே ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 9. பிஐடி 1, 2, 3 மட்டும் அவ்வாறல்ல. டிஸ்கிரிப்டர் 1 வெளியீடு, 2 பிழை வெளியீடு, 3 எங்கள் பதிவுக் கோப்பு. மூன்றும் திறந்தே இருந்தன. அந்த மூன்று அழைப்புகளும் முதல் சோதனையைத் தாண்டி, எங்கள் வெற்று ஸ்ட்ரக்டைப் பகுதி விவரமாகப் படித்து, ஃபிளாக் பூஜ்யம் என்பதையும் ஏற்று, விடையை எழுதப் போயின. எங்கே? மூன்றாவது அளவுருவில். அதில் நாங்கள் அனுப்பியது அளவு, 24. முகவரி 24-இல் எழுத முடியாது. ஆகவே 14.

இதைத் தாளில் எழுதி முடித்தபோது நிம்மதியைவிட அச்சமே மேலோங்கியது. நாங்கள் அளவுரு வரிசையை மாற்றி, விடையின் முகவரியை மூன்றாவதாக வைத்திருந்தால்? கேஷ்ஸ்டாட் எழுதும் விடை ஐந்து 8-பைட் எண்கள், 40 பைட். எங்கள் இடம் 24 பைட். மீதி 16 பைட் பக்கத்து மாறிகளின் மேல் எழுதப்பட்டிருக்கும், அழைப்பும் வெற்றி என்றே திரும்பியிருக்கும். பதிவுக் கோப்பில் எந்தப் பிழையும் இருந்திருக்காது. பேஜ் கேஷ் பக்கங்களின் எண்ணிக்கையைக் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்று நம்பி வரைபடம் வரைந்துகொண்டிருந்திருப்போம்.

நிரலில் ஒரு மாற்று வழி இருந்தது. சிஸ்டம் கால் இல்லையென்றால், அதாவது 38-ஆம் பிழை வந்தால், /ப்ராக்குக்குத் திரும்பிவிடும். சிஸ்டம் கால் ‘இருக்கும்’ அல்லது ‘இருக்காது’ என்ற இரண்டை மட்டும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணில் வேறொருவர் குடியிருப்பார் என்பது எங்கள் கணக்கில் இல்லை.

அதே ஓட்டை கன்டெய்னரிலும் (நிரலைத் தனித்து அடைத்து ஓட்டும் சூழலிலும்) தெரிந்தது. அங்கே சிஸ்டம் கால்களைக் கட்டுப்படுத்தும் செக்காம்ப் வடிகட்டி, தன் பட்டியலில் இல்லாத எண்களுக்கு 38-க்குப் பதிலாக 1-ஐ, அதாவது ‘அனுமதி இல்லை’ என்பதைத் திருப்பியது. நிரல் /ப்ராக்குக்குத் திரும்பவில்லை. ‘குளோன்3’, ‘எஃப்ஆக்சஸ்அட்2’ போன்ற முறையான சிஸ்டம் கால்கள் வந்தபோது ஜிலிப்சிக்கே இந்தத் தொல்லை நேர்ந்தது. ஆகவே இதில் நாங்கள் தனியாள் அல்ல.

எண்ணை மாற்றினால் தீருமா

முதலில் தோன்றிய தீர்வு, நிரலை 454-க்கு மாற்றித் தொகுப்பது. ஆனால் 2024 ஜனவரியில் வந்த 6.7-இல் 454 ‘ஃப்யூடெக்ஸ்_வேக்’குக்குப் போய்விட்டது. 455, 456-உம் ஃப்யூடெக்ஸ் குடும்பத்துக்கே. 6.8-இல் 461 வரை நிரம்பியது. அட்டவணையின் நுனியில் கால் வைத்தவர் ஒவ்வொரு வெளியீட்டிலும் இடம்பெயர வேண்டும்.

வெகு தொலைவில் ஓர் எண்ணை எடுக்கலாம் என்றார் ஒருவர். 512 முதல் 547 வரை எக்ஸ்32 (64-பிட் சிபியுவில் 32-பிட் முகவரிகளோடு ஓடும் முறை) ஏபிஐயின் பழைய பிழையால் கறைபட்ட இடம், தொடக் கூடாது. அதற்கும் மேலே போனால் மோதல் பல ஆண்டுகள் தள்ளிப்போகும், நீங்காது. லினக்ஸில் தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய எண்கள் கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் 210 முதல் 219 வரை பத்து இடங்களை, ஓடும் கெர்னலில் பிறகு ஏற்றத்தக்க மாட்யூல்களுக்காகவே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வசதி லினக்ஸில் இல்லாதது மறதியால் அல்ல. ஒரு சிஸ்டம் கால் வந்துவிட்டால் அது யூசர்ஸ்பேஸுக்குக் கொடுத்த வாக்கு, நிரல்கள் உடையாமல் காலம் முழுக்கக் காக்க வேண்டும் என்பது அங்கே உறுதியான விதி. அந்த வாக்கைக் கெர்னல் சமூகம் ஒட்டுமொத்தமாகக் கொடுக்கிறது. தனியாக ஒருவர் கொடுக்க வழி வைக்கவில்லை.

மாட்யூலிலிருந்து அட்டவணையை மாற்றும் பழைய தந்திரங்களையும் பேசினோம், ஐந்து நிமிடத்தில் கைவிட்டோம். அட்டவணையின் முகவரி 2002-இலிருந்தே மாட்யூல்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. அதைத் தேடப் பயன்பட்ட சார்பும் 2020-இல், 5.7-இல் மூடப்பட்டது. 2024-இன் 6.9 முதல் எக்ஸ்86-இல் அழைப்பு அந்த அட்டவணை வழியே போவதே இல்லை. சிபியு முன்கூட்டியே ஊகித்து இயங்குவதைப் பயன்படுத்தும் தாக்குதலைத் தடுக்க ஸ்விட்ச் கூற்றாக மாற்றிவிட்டார்கள். அட்டவணையை மாற்றி எழுதினாலும் பயனில்லை.

எடுத்த முடிவு

உடனடியாக, நிரல் தொடங்கும்போது ஒரு சோதனை வைத்தோம். தன் சொந்த பிஐடியைக் கொடுத்து அழைக்கும், திரும்பும் எண்களைக் கெட்ரியூசேஜின் விடையோடு ஒப்பிடும். பொருந்தவில்லையென்றாலோ, எந்தப் பிழை வந்தாலோ /ப்ராக் வழி. 38 மட்டுமல்ல, எந்தப் பிழையானாலும். விடை வாங்கும் இடத்தையும் ஒரு முழுப் பக்கமாக்கி, பின்னால் தடைப் பக்கம் வைத்தோம். அந்நியர் எவராவது எழுதினாலும் பக்கத்து மாறிகள் தப்பும்.

பிறகு சிஸ்டம் காலையே விட்டுவிட்டோம். 2020-இன் 5.8 முதல் கெர்னலில், சிறு நிரல்களைச் சரிபார்த்துக் கெர்னலுக்குள் ஓட்டும் பிபிஎஃப் வசதியின் இட்டரேட்டர் இருக்கிறது. டாஸ்க் பட்டியலில் ஒவ்வொன்றாகக் கெர்னலே நடந்துபோய், நாம் கொடுத்த சிறு பிபிஎஃப் நிரலை ஒவ்வொரு டாஸ்குக்கும் ஓட்டும். எங்களுக்கு வேண்டிய இரண்டு எண்களும் டாஸ்க் ஸ்ட்ரக்டிலேயே இருப்பதால் படித்து பைனரியாக எழுதிவிடலாம். பயனர் பக்கத்தில் அது ஒரு கோப்பைப் படிப்பதுபோல. 4000 புராசஸுக்கு 4000 அழைப்பு தேவையில்லை, பெரிய பஃபரோடு சில ‘ரீட்’ அழைப்புகளே போதும். இது த்ரெட்களையும் தனித்தனியாகக் காட்டுவதால், தலைமை த்ரெட் அல்லாதவற்றை நிரலிலேயே தள்ளிவிடுகிறோம். ஸ்ட்ரக்டுக்குள் ஒரு புலத்தின் இடம் கெர்னலுக்குக் கெர்னல் மாறினாலும் ஸ்ட்ரக்ட்களின் அமைப்பைச் சொல்லும் பிடிஎஃப் விவரத்தைப் பார்த்து ஏற்றும்போதே சரிசெய்துகொள்கிறது. இதை ஏற்ற உயர் அனுமதி வேண்டும். எங்கள் கண்காணிப்பு நிரல் எப்படியும் அதோடுதான் ஓடுகிறது.

திருத்தத்தைக் கெர்னல் மரத்திலிருந்து நீக்கியபோது, 454-ஆம் வரியோடு சேர்த்துச் சார்பும் போனது. தொடக்கச் சோதனையை மட்டும் நீக்கவில்லை. பழைய பைனரிகள் இன்னும் சில கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவை இன்றும் 451-ஐத்தான் அழைக்கும்.